கருவாட்டைக் கழுவிய கை

நான் சமைத்துப் பிழைப்பவள் இல்லை. அடுத்தவர் எழுதிய சமையலை எழுதியபடி செய்து பார்த்து, வருமா வராதா என்று சொல்பவள். ரெசிபி டெஸ்டர் என்றால் மரக்காணத்தில் யாருக்கும் புரியாது. "ஊரான் கொழம்புல குத்தம் கண்டுபுடிக்கக் காசு குடுக்குறாங்களா?" என்று எங்கள் தெருவே கேட்டது. ஆமாம், கொடுக்கிறார்கள். அதே வேலையைக் காலமெல்லாம் மருமகளிடம் இலவசமாகச் செய்துவந்தவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆரோவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே தங்க வந்த ஒரு அம்மா சென்னையில் சமையல் புத்தகம் போடுகிறவர். என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு எல்லோரையும் போல ஆகா ஓகோ என்று சொல்லாமல், "இதுல எவ்ளோ புளிங்க?" என்று கேட்டார். "முப்பது கிராம்" என்றேன். அந்த விடுதியில் எதையும் எடை போட்டுத்தான் சமைப்போம். கைப்பிடி, கொஞ்சம், எலுமிச்சை அளவு என்று சொல்லாத ஒருத்தியை அவர் பல நாளாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி வந்தது இந்த வேலை.

வாட்ஸப்பில் சமையல் குறிப்பு எழுதிய தாள் வரும். தராசு, அளவு ஸ்பூன், நிமிஷம் பார்க்க போன், இவ்வளவுதான் என் ஆபீஸ். விதி ஒன்றே ஒன்று. தாளில் இல்லாததைக் கை செய்யக் கூடாது. வெங்காயத்தை வதக்கவும் என்று எழுதிவிட்டு எண்ணெயை மறந்திருந்தால், எண்ணெய் இல்லாமல்தான் வதக்குவேன். கருகும். கருகியது என்று எழுதி அனுப்புவேன். கருகியதை என் வீட்டுக்காரர் சாப்பிடுவார். அவர் உப்பளத்தில் மேஸ்திரி. "வெளிய காயுறது போதாதுன்னு வூட்லயும் கரி" என்று முனகுவாரே தவிர, தட்டை ஒருநாளும் தள்ளியதில்லை.

சமையல் தெரிந்தவளுக்கு இந்த வேலை சுலபம் என்று நினைப்பார்கள். நேர்மாறு. தெரிந்ததையெல்லாம் வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு அடுப்படிக்குள் போக வேண்டும். ஏனென்றால் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர் தெரியாதவர். அவருக்குப் பதிலாக நான் நிற்கிறேன். முடிவில் "செய்து பார்த்தேன், சரியாக வருகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அது இல்லாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது. பத்தாவது கூட முடிக்காத என்னிடம் விற்பதற்கு இருந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

அதை நான் சும்மா போட்டதில்லை. டிவியில் வருகிற ஒரு செஃப் கடற்கரைச் சமையல் என்று புத்தகம் எழுதினார். அவருடைய மூன்று தாள்களைத் திருப்பி அனுப்பினேன். ஒன்றில் இறால் ரப்பர் ஆனது, ஒன்றில் சுறாப் புட்டு உதிரவே இல்லை, இன்னொன்றில் தண்ணீரையே காணோம். "மரக்காணத்துல உக்காந்துக்கிட்டு ஒரு பொம்பள என் சமையலத் திருத்துறாளா?" என்று அவர் கேட்டதாக அந்த அம்மா சிரித்துக்கொண்டே போனில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்துகொண்டு இல்லை சார், நின்றுகொண்டு. என் காலைக் கேட்டுப் பார்க்கட்டும்.

நாலாவதாக வந்த தாள் வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு. ஒரே தடவையில் அபாரமாக வந்தது. புளி, உப்பு, காரம் எல்லாம் அதனதன் இடத்தில். எனக்கே சந்தோஷம். இவளுக்கு என்மேல் காய்ச்சல் என்று இனி அவர் சொல்ல முடியாதே. உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

எங்கள் மாடியில் அப்போது ஒரு பெண் குடியிருந்தாள். நாமக்கல் பக்கம், இங்கே பேங்க்கில் வேலை. கருவாட்டுக் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கற்றுக்கொடுப்பதெல்லாம் எனக்கு வராது. அந்தத் தாளைப் படியெடுத்துக் கையில் கொடுத்து, இதில் இருப்பதை மட்டும் செய் என்று சொல்லி, கருவாடு விற்க வரும் அனுமந்தைக்காரம்மாவிடம் வாங்கியதில் பாதியையும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கிண்ணத்தோடு இறங்கி வந்தாள்.

"அக்கா, வாயில வெக்க முடியலீங்க."

ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். கடலைக் குடித்த மாதிரி இருந்தது. உப்பை ரெண்டு தடவை போட்டிருப்பாய் என்று அவளைத்தான் பிடித்தேன். இல்லை, ஒன்றரை ஸ்பூன்தான் என்று சத்தியம் செய்தாள். சரி, கருவாட்டை நன்றாகக் கழுவினாயா என்றேன்.

"தாள்ல இல்லீங்களே அக்கா. நீங்கதானே தாள்ல இருக்கறத மட்டும் செய்யச் சொன்னீங்க."

தாளை வாங்கிப் பார்த்தேன். கருவாட்டைக் குழம்பில் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விடவும். அவ்வளவுதான். ஊறவைக்கச் சொல்லவில்லை, கழுவச் சொல்லவில்லை. ஆனால் நான் ஊறவைத்திருக்கிறேன். சுடுதண்ணீரில் போட்டு, ரெண்டு தண்ணீர் அலசி, அப்புறம்தான் சட்டியில் சேர்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் உப்புக்குப் பஞ்சமில்லை, கருவாட்டுக்கு வாரித்தான் பூசுவார்கள். கழுவாத கருவாட்டைச் சட்டியில் போட இந்த ஊர்க் கைக்குத் தெரியாது. கழுவினேன் என்ற நினைப்புகூட எனக்கு இல்லை. புட்டில் குற்றம் கண்டேன், இறாலில் கண்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது எவ்வளவு சரி.

பயமாகத்தான் இருந்தது. அச்சுக்குப் போக ஒரு வாரம்தான் இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் அந்தச் செஃப் காத்துக்கொண்டிருந்தது போலப் பிடித்துக்கொள்வார். என் கையெழுத்துக்கு அப்புறம் என்ன மதிப்பு? வீட்டுக்காரர் கூட, "கருவாட்டக் கழுவணும்னு ஊருக்கே தெரியுமே, வுடு" என்றார். ஊருக்குத் தெரியும். நாமக்கல்லுக்குத் தெரியாதே. அந்தப் பெண் அரை நாள் நின்று சமைத்து, அத்தனையையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு, தனக்குச் சமைக்க வரவில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டாள்? அதை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் வந்தது, முதலில் என்மேல்.

அன்றைக்கே அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, "நான் போட்ட கையெழுத்து தப்புங்க. திரும்ப எடுத்துக்குறேன்" என்றேன். செஃபைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். சாயங்காலம் பதில் வந்தது. செஃப் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டாராம். "உப்பளத்துக்காரிக்கே உப்புத் தெரியலையா?" என்றாராம்.

"தெரிஞ்சதாலதாங்க தப்பு நடந்துச்சு" என்றேன். "அவரயே அந்தத் தாள வெச்சு செய்யச் சொல்லுங்க. நானு படிக்கிறேன், அவரு செய்யட்டும். நல்லா வந்துச்சுன்னா நானு இந்த வேலைய வுட்டுடுறேன்."

வாய் முந்திக்கொண்டது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். செஃபும் சரி என்றுவிட்டாராம். புதன்கிழமை காலை கருவாட்டை எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி, ஈசிஆரில் சென்னை பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொள்ளட்டும்.

அந்த அம்மாவின் அலுவலகத்திலேயே ஒரு சமையலறை இருந்தது. செஃப் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, டிவியில் வருவது போலவே சிரித்தபடி வந்தார். அந்த அம்மா ஓரமாக நின்றார். தாள்களையெல்லாம் கம்ப்யூட்டரில் அடிக்கிற பெண் ருசி பார்க்கத் தட்டுகளோடு வாசலில் நின்றாள். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவர் செய்தார். வேலை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம், அதை மறுக்க மாட்டேன். கத்திரிக்காய் வெந்தது, புளி கொதித்தது, ஒன்றரை ஸ்பூன் உப்பும் போட்டாயிற்று.

"கருவாட்டைக் குழம்பில் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விடவும்" என்று படித்தேன்.

அவர் டப்பாவைத் திறந்தார். துண்டுகளைக் கையில் எடுத்தார். நேராகக் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

"சார், அது எழுதலையே."

கருவாட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தண்ணீர் அவர் கைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. நான் வேண்டுமென்றே இன்னொரு தடவை அந்த வரியைப் படித்தேன். எனக்கு நல்ல குணம் என்று யாரும் சொன்னதில்லை.

அந்த அம்மா திருத்தத் தாளை எடுத்தார். சுடுதண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து இரண்டு முறை அலசவும் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். கீழே காரணம் என்று ஒரு கட்டம். அங்கே பேனா நின்றது. செஃப் குழாயை மூடிவிட்டு, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார், "டைப் பண்ண பொண்ணு ஒரு வரிய விட்டுடுச்சுன்னு போட்டுக்குங்க."

வாசலில் நின்ற பெண் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாவும் அப்படியே எழுதப் போனார். முழுப் பூசணிக்காயை எவ்வளவு சுலபமாகச் சோற்றில் மறைக்கிறார்கள்! எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"அந்தப் பொண்ணு குடுத்தத அப்பிடியே அடிச்சிருக்குது சார். எழுதாம வுட்டது நீங்க. பாக்காம வுட்டது நானு."

பேனாவை வாங்கி, காரணம் என்ற கட்டத்தில் அதையே எழுதினேன். எழுதியவரும் செய்து பார்த்தவரும் தவறவிட்டது. அதன் கீழே முதலில் என் கையெழுத்தைப் போட்டு, தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

"இனிமே என் புக் எதுவும் உங்க கைக்கு வராது, தெரியுமில்ல?" என்றார்.

"வராட்டி போவுது சார். இது வந்திருக்குது. போடுங்க."

என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஏப்ரனில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, போட்டார்.