கீமோ அறையில் ஒரு பால்மரக் காடு

ஈப்போவில் நான் சிகிச்சைக்குப் போன மருத்துவமனையின் நடைபாதைச் சுவர் முழுக்கப் படங்கள். அருவி, மூங்கில், பனி மூடிய மலை. நல்ல செய்தி சொல்கிற இடத்துக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம்.

"பாக்குறவங்க மனசு அமைதியாவட்டும்னு மாட்டியிருக்காங்கம்மா" என்றாள் மகள் கலா.

"அமைதியாக்கிட்டு என்ன செய்யப் போறாங்க, அதச் சொல்லு லா."

குளிக்கும்போது இடது மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டிருந்தது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது. பயாப்சியில் (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டியைச் சுருக்க முதலில் கீமோ (புற்று அணுக்களை அழிக்கும் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவது), பிறகு அறுவை என்றார்கள்.

கீமோ அறையில் என் நாற்காலிக்கு எதிரே சுவரளவு படம். சிவந்த இலைகளோடு உயர்ந்த மரங்கள். "வெளிநாட்டுக் காடு மாதிரி இருக்குல்ல ஆன்ட்டி?" என்றாள் தாதி.

காடு எங்கே நேர் வரிசையில் நிற்கிறது? அது ரப்பர் தோட்டம். சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறும்வரை பால் வெட்டியவள் நான். என்னை அமைதிப்படுத்த என் பழைய வேலைக்காட்டையே மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தாலே கொசு கடிப்பது போலிருந்தது.

சில தவணைகளுக்குப் பிறகு என் வெள்ளை அணுக்கள் (கிருமியை எதிர்க்கும் ரத்த அணுக்கள்) மிகவும் குறைந்துவிட்டன. "இன்னிக்கு மருந்து வேணாம்மா. உடம்பு கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார் டாக்டர்.

"இனிமே ஏத்திப் பிரயோஜனம் இல்லன்னு நேரா சொல்லிடுங்க டாக்டர்."

"அப்படி இல்லம்மா."

எல்லாரிடமும் இதையேதான் சொல்வார் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் கலாவிடம், "என்னைய கைவிட்டுட்டாங்க. இனி நான் வரல" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை எடுக்கப் போனாள்.

காலையில் அங்கே விட்டுவந்த சால்வையை எடுக்கக் கீமோ அறைக்குள் போனேன். அந்தப் படத்தில் குறை கண்டுபிடிக்க வேண்டும் போலிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். மரங்களில் கட்டியிருந்த மங்குகள் (பால் பிடிக்கும் கிண்ணங்கள்) எல்லாம் கவிழ்ந்திருந்தன.

இலை உதிரும் காலம். அப்போது பால் வெட்டுவதை நிறுத்தி, மங்கைக் கவிழ்த்துவிடுவோம். துளிர் வந்து முற்றும்வரை மரத்தில் கத்தி படாது. ஆனால் சாய்க்கப் போகிற மரங்களை அப்படி விடமாட்டார்கள். எங்கள் தோட்டத்தின் கடைசி வருஷத்தில், இலை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஏணி போட்டு மேலும் கீழும் வெட்டச் சொன்னார்கள். நானும் வெட்டினேன். அந்த மரங்களுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து அழுதேன்.

கலா வந்து, "போலாமாம்மா?" என்றாள்.

"அடுத்த தேதி வாங்கிட்டியா?"

இப்போது அறுவையும் முடிந்துவிட்டது; இடது மார்பு இல்லை. தலையில் முடி குட்டையாக முளைத்திருக்கிறது. உங்களுக்கும் மருந்தை நிறுத்தி வைத்தால் காரணத்தைக் கேளுங்கள். கேட்காமல் நான் செய்தது போல முடிவு கட்டாதீர்கள். சுவரில் படம் மாட்டுகிறவர்களை நான் இன்னமும் நம்புவதில்லை. ஆனால் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் நாட்களை வீணாய்ப் போனதாக இப்போது நினைப்பதில்லை. என்னைச் சும்மா இருக்கவே விடாத நாள் வந்தால், அன்றைக்குச் சந்தேகப்படுவேன்.