வெர்னாவின் வெள்ளிக்கிழமைகள்

லோரெட்டா ஹப்னர் பள்ளி பேண்டு வாத்தியப் பெற்றோர் சங்கத்தின் பொருளாளரானதற்குக் காரணம், தேர்தல் நேரத்தில் அவர் கழிவறைக்குப் போயிருந்ததுதான். ஒஹையோவின் அந்தச் சிற்றூரில் மக்களாட்சி அப்படித்தான் நடக்கிறது. மகன் படித்து முடித்துப் போன பிறகும் பதவி அவரை விடவில்லை.

வெள்ளிதோறும் கால்பந்தாட்டம். மைதானத்தில் சங்கம் நடத்தும் கடையில் நின்று ஹாட்டாக் விற்கும் பெற்றோருக்கு, லாபத்தில் ஒரு பங்கு பிள்ளையின் பெயரில் ஏறும். வசந்தத்தில் பேண்டு பிள்ளைகள் ஃப்ளோரிடா அணிவகுப்புக்குப் போகும் செலவில் அது கழியும். இந்த ஏற்பாட்டைச் செய்தவரே லோரெட்டாதான். கடவுளும் இதையே செய்திருப்பார் என்று நம்பினார்.

வெர்னா கிராட்ச் ஒரு வெள்ளியையும் விட்டதில்லை. பகலெல்லாம் கோழி இறைச்சி ஆலை, மாலையில் கடையில் நாச்சோஸ் வறுவல்மேல் ஊற்றும் கொதிக்கும் சீஸ். அப்படித்தான் மகள் ஜோலினின் பயணச் செலவு முழுவதும் சேர்ந்தது.

அக்டோபர் கூட்டத்தில், சங்கத்தில் புதிதாய்ச் சேர்ந்த, வரிக்கணக்குத் தொழில் பார்க்கும் தகப்பன் ஒருவர் எழுந்தார். "நாம வரி விலக்கு வாங்கின தர்ம ஸ்தாபனம். கடைக்காசு எல்லாப் பிள்ளைக்கும் பொது. இன்னார் பிள்ளைக்குன்னு எழுதினா அது சம்பளம். விலக்கே போயிடும்."

லோரெட்டா விசாரித்தார். அவர் சொன்னது சரி. கண்டும் காணாமல் இருந்திருக்கலாம், முடியவில்லை. ஆலை வாசலுக்கே போனார்.

"வெர்னா, ஜோலின் பேர்ல இருக்கறதைப் பொதுவுல போட்டாகணும்."

"பொதுன்னா? ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத பல் டாக்டர் பையனுக்குமா?"

"அவனுக்கும்தான்."

"என்னடி பேசறே? சீஸ் சுட்ட தழும்பு பாரு. இதையும் பொதுவுல போட்டுக்கறியா?"

"தப்பு என்னோடதுதான். ஜோலின் செலவை நானே கட்டிடறேன்."

"நான் உழைச்சதைக் கேக்கறேன். நீ தர்மம் பண்ண வந்துட்டியா?"

பொதுவில் போட்ட பணம் எல்லாருடைய பயணக் கட்டணத்தையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தது. பல் டாக்டர் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மீதியைக் கட்ட வெர்னாவால் முடியவில்லை. ஜோலின் பயணத்திலிருந்து விலகிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளி கடைக்கு ஒருவரும் உதவிக்கு வரவில்லை. சட்டம் சுத்தமாக இருந்தது, கடையின் உள்பக்கமும் காலியாக இருந்தது. லோரெட்டா ஒற்றை ஆளாய்த் திணறினார். நீண்ட வரிசையில் வெர்னாவும் நின்றிருந்தாள். முறை வந்ததும் பத்து டாலரை நீட்டினாள்.

"ஒரு நாச்சோஸ்."

லோரெட்டா சீஸ் ஊற்றிக் கொடுத்து, சில்லறையை எடுத்தார்.

"வேணாம், வெச்சுக்கோ. எல்லாப் பிள்ளைக்கும்."

வெர்னா போய்விட்டாள். பின்னால் நின்றவர் இரண்டு ஹாட்டாக் கேட்டார்.