இடுப்புப் பட்டையைக் கழற்றி வைத்தவள்

பழைய டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது ஓர் இங்கிலீஷ் காமிக்ஸ் கையில் அகப்பட்டது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பாதியைத் தாண்டியதும் ஆத்திரம் வந்துவிட்டது.

கதை இதுதான். மந்திர இடுப்புப் பட்டை கட்டிய ஒருத்தி வானத்தில் பறக்கிறாள். மூழ்கும் கப்பலை ஒற்றைக் கையால் தூக்குகிறாள். எரிமலையின் வாயை ஒரு பாறையை வைத்து அடைக்கிறாள். இத்தனைக்கும் தலைமுடி கலையவில்லை. அவளைக் காதலிக்கும் ஒரு பல் டாக்டர், "பறக்கப் போகிறாயா, என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாயா?" என்று கேட்கிறான். உலகத்தையே காப்பாற்றியவளுக்கு அந்த மூஞ்சியில் ஒரு அறை விடத் தோன்றவில்லை. பட்டையைக் கழற்றி மேசை மேல் வைக்கிறாள். கடைசிப் படத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாமல் அவனைக் கூப்பிடுகிறாள். அவன் திறந்து கொடுக்கிறான். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இதை எழுதிய ஆள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அந்தப் பாட்டிலாலேயே பதில் சொல்லியிருப்பேன்.

எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் என் அக்கா.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். காமிக்ஸைக் கண்டால் அப்பா கிழித்துப் போட்டுவிடுவார் என்று, பள்ளிப் புத்தகம் மாதிரி பிரவுன் பேப்பர் அட்டை போட்டு வைத்திருந்தேன். சரஸ்வதி பூஜைக்குப் பாடப் புத்தகங்களைச் சாமி முன்னால் அடுக்கியபோது இதுவும் அதில் சேர்ந்துகொண்டது. மறுநாள் எடுத்தால் அட்டையில் சந்தனமும் குங்குமமும். அதற்கப்புறம் வீட்டில் அதற்கிருந்த மரியாதை எனக்கே கிடையாது.

அக்கா சுங்கை வேயில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, கண்ணுக்கே தெரியாத கம்பியை ஒட்டும் வேலை. சேர்ந்த சில வருடத்தில், ஒரு வரிசைப் பெண்களுக்குப் பொறுப்பான லைன் லீடர் ஆகிவிட்டாள். காலையில் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறும்போது அவள் நடையே வேறு மாதிரி இருக்கும். ஃபேக்டரிப் பெண்கள் என்றால் ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ரவாங்கிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கல்யாணம் பண்ணிக்கிறேன்மா. ஆனா வேலைய விட மாட்டேன். நீங்களே அவங்ககிட்ட பேசிடுங்க."

அம்மாவும் சரியென்றுதான் சொன்னாள்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, ரிட்டையரான கிளார்க், "பொண்ணு படிக்குமா?" என்று கேட்டார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அலமாரியில் சந்தனம் குங்குமத்தோடு இருந்ததுதான் நல்ல புத்தகம் என்று நினைத்து, உருவி அவர் கையில் கொடுத்துவிட்டாள். "இங்கிலீஷ் புக்கெல்லாம் படிக்கும்ங்க" என்று பெருமை வேறு.

எனக்கு உயிரே போய்விட்டது. பெரியப்பா கண்ணாடியை மாட்டினார். அரை டவுசரில் பறக்கும் பெண்ணைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். தொலைந்தோம் என்று நினைத்தேன். மனுஷன் அலுங்காமல் கடைசிப் பக்கம் வரை போய், முகமெல்லாம் மலர்ந்து நிமிர்ந்தார்.

"பாருங்க சம்பந்தி, கப்பலத் தூக்குற வெள்ளக்காரியே கல்யாணம்னதும் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டா லா! நம்ம பொண்ணும் இதத்தான் படிக்குதுன்னா, அது மனசும் இதுதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, "ஃபேக்டரியெல்லாம் நிறுத்திடலாம்ங்க" என்றார். அம்மா தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளை வாயில் கேசரி இருந்தது. கேசரி தீர்ந்த பிறகும் அந்த வாய் திறக்கவில்லை. டீ தட்டோடு நின்றிருந்த அக்கா, "ஆறிடுச்சு, வேற போட்டு வரேன்" என்று உள்ளே போனாள். அவள் சொந்தமாகச் சம்பாதித்த ஒரு பதவியை, ஊறுகாய் பாட்டில் படத்தைக் காட்டிப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த நாலு சுவருக்குள் அது ஒருவருக்கும் அநியாயமாகப் படவில்லை.

சில வருடம் கழித்து வேலையில்லாக் காலம் வந்தது. அந்தக் கேசரி மாப்பிள்ளைதான் இப்போது என் அத்தான்; அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் இரண்டு குழந்தைகள். நான் ரவாங் போயிருந்த ஒரு நாள் அதே பெரியப்பா வந்து உட்கார்ந்தார்.

"இப்பல்லாம் பொம்பளைங்க வேலைக்குப் போறது சகஜம்தானேம்மா. உனக்குத்தான் ஃபேக்டரி வேல தெரியுமே."

வெட்கமே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள். குரல் உயரவே இல்லை.

"போறேன் மாமா. சின்னப் பொண்ணுங்களோட உக்காந்து மொதல்லேருந்து ஆரம்பிக்கிறேன். நாளைக்கு இவருக்கு வேல கெடச்சதும், நீ நிறுத்தும்மான்னு சொல்லிக்கிட்டு யாரும் இந்த வீட்டுக்கு வரக்கூடாது. நீங்களும்தான்."

பெரியப்பா செருப்பைத் தேடினார். அத்தான் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மனுஷன் மாறவே இல்லை.

ரவாங் ஃபேக்டரியில் அக்காவைச் சாதாரண ஆபரேட்டராகத்தான் எடுத்தார்கள். பழைய லைன் லீடர் பதவியை அங்கே யாரும் சட்டை செய்யவில்லை. அத்தானுக்கு வேலை கிடைத்த பிறகும் அவள் வேலையை விடவில்லை. ஆனால் கடைசி வரை ஆபரேட்டர்தான். கம்பி ஒட்ட அவளிடம் கற்றுக்கொண்ட பெண்கள் அவளுக்கு மேலேயே லைன் லீடர் ஆனார்கள். கேன்டீனில் அவர்களுக்குக் கேக் வெட்டியபோது அக்காவும் நின்று கை தட்டினாளாம். அதை அவள் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.