கோளாறு காலிலா, காரிலா?

என் மாமனாரிடமிருந்து கார் சாவியைப் பிடுங்கியவள் நான்தான். எங்கள் வீட்டில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அதை முதலில் சொல்வார்கள். அன்றைக்கு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால் நின்றதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடு. மாமனார் வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்து ரிட்டயரானவர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜ் என்னும் கூண்டை மேலே உட்கார்ந்துகொண்டே ஓட்டுகிற வேலை. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் அதை ஒரு விரற்கடை பிசகாமல் நிறுத்துவார் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் அவரே சொல்லிவிடுவார். ரிட்டயரானதும் ஒரு பழைய கார் வாங்கினார். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "பவர் பிரேக்குங்க. சும்மா தொட்டாப் போதும், நின்னுடும்" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்.

அந்தப் பவர் பிரேக்கைத் தொட்டும் ஒருநாள் பேத்தமங்களா ரோட்டில் கார் நிற்கவில்லை. நின்றது, ஆனால் ஒரு எருமையை உரசிக்கொண்டு நின்றது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், என் மாமியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. மாமனார் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

"பெடல் கல்லாட்டம் கீது. காருல கோளாறு" என்றார்.

மெக்கானிக்கிடம் காட்டினோம். அவன் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தான். "பிரேக் ஷூ நல்லா கீது, ஆயில் நல்லா கீது. பலமா மிதிச்சா நிக்குது. பெரியவருக்கும் வயசாவுது இல்ல?" என்றான். போதாதா? என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். மாமியார் "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது சொன்னார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பின் சீட்டில் உட்காருவது என் இரண்டு குழந்தைகள். சாவியை வாங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டேன்.

மனுஷன் பத்து நாள் கத்தினார். "என் காலுக்கு இன்னா கேடு? எல்லாம் கார்தான்!" கத்திவிட்டுப் போய், ஓடாத காரைத் துடைப்பார். துடைத்துவிட்டு வந்து மறுபடி கத்துவார். நானும் சளைக்கவில்லை. "கார் நல்லாத்தான் கீது மாமா, நீங்கதான் கெட்டுப் போயிட்டீங்க" என்று ஒருநாள் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டேன். அன்று அவர் காரைத் துடைக்கப் போகவில்லை.

பதினோராம் நாள் அவருடைய சிநேகிதர் வந்தார். சுரங்கத்துக்குள் துளை போடும் மெஷின்களுக்குக் காற்றுக் கொண்டுபோகிற குழாய்களைக் காலமெல்லாம் கட்டி மேய்த்த ஃபிட்டர், அவரும் ரிட்டயர். சாவியைக் கேட்டார். வண்டி ஓர் அடி நகர்ந்தாலும் சாவி டப்பாவுக்குத் திரும்பிவிடும் என்று சொல்லி, நானே என்ஜினைக் கிளப்பினேன். அவர் பானெட்டுக்குள் காதை வைத்தார்.

"உஸ்ஸுன்னு சத்தம் வருது. பிரேக்குக்குப் பலம் குடுக்கிற பூஸ்டர் டப்பா இது. என்ஜின்லேர்ந்து இதுக்கு ஒரு காத்துக் குழாய் வருது. லீக் எங்கன்னு பாத்துடலாம். சோப்புத் தண்ணி கொண்டாம்மா."

கீழே சுரங்கத்தில் அவர்கள் வேலை செய்கிற முறை அதுதான். குழாய் மேல் நுரையைப் பூசினால், ஓட்டை இருக்கும் இடத்தில் காற்று வெளியே வந்து குமிழி விடும். என் துணி சோப்பில் பாதியைக் கரைத்துக் கல்யாண மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கிற மாதிரி பூஸ்டர், குழாய் எல்லாவற்றுக்கும் பூசினார். ஒரு குமிழி இல்லை. மறுபடி பூசினார். ம்ஹூம்.

"லீக் இல்ல. குழாயும் நல்லா கீது. அந்தச் சத்தம் என்ஜின் சத்தம்தான் போல" என்றார்.

மாமனார் எதிர்த்து ஒரு சண்டை போடுவார் என்று நான் தயாராக நின்றேன். அவரோ கையில் பிடித்திருந்த சோப்புத் தண்ணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, வுடுங்க. போதும்" என்றார். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

வீணாய்ப்போன சோப்பை நினைத்து எரிச்சலோடு உள்ளே எட்டிப் பார்த்தேன். குழாயின் அடிப்பக்கம் ஓர் இடத்தில் மட்டும் நுரையைக் காணோம். விரலால் எடுத்து வைத்தேன். என் கண்ணெதிரே, குழந்தை பாயசத்தை உறிஞ்சுகிற மாதிரி, சுர்ரென்று உள்ளே போய்விட்டது. என்ஜின் ஒருமுறை இருமியது.

"குடிக்குது மாமா! சோப்பைக் குடிக்குது!"

ஃபிட்டர் குனிந்து பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட கஷ்டகாலமே! இது என்ஜின் உள்ள இழுக்கிற காத்தும்மா! எங்க சுரங்கக் குழாயில காத்து வெளிய தள்ளும். அதே நெனப்புல இருந்துட்டேன். வெளிய சொல்லாத தாயி, பாலகாட் சுரங்கம் வரைக்கும் சிரிப்பாங்க." சாயங்காலத்துக்குள் பாலகாட் வரைக்கும் சிரித்தார்கள். நான்தான் சொன்னேன்.

குழாயைக் கழற்றினால் அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. ராபர்ட்சன்பேட்டையில் புதுக் குழாய் வாங்கி வந்து, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கினார் ஃபிட்டர்.

"என்ஜினை நிறுத்திட்டு நாலஞ்சு தரம் மிதிங்க. பெடல் கெட்டியானதும் காலை அப்படியே வெச்சிருங்க. என்ஜினைக் கிளப்பினா அது தானா கொஞ்சம் எறங்கணும். எறங்கினா பூஸ்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

மாமனார் சீட்டில் உட்கார்ந்து மிதித்தார். சாவியை இன்னும் நான் விடவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு நானே திருப்பினேன். என்ஜின் பிடித்தது. அவர் முகம் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"எறங்குதும்மா" என்றார். "காலுக்கடியில எறங்குது."

"அதான் பத்து நாளா கார், கார்னு கத்தினீங்களே, ஜெயிச்சிட்டீங்க போங்க" என்றேன்.

"கத்தினேன்" என்றார் மெதுவாக. "ஆனா கால்தான் போச்சுன்னு நானும் நெனச்சேன். பூஸ்டரைப் பாருன்னு மெக்கானிக்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம். பயமா இருந்துச்சி. அதுவும் நல்லா கீதுன்னு சொல்லிட்டான்னா?"

'கெட்டுப் போயிட்டீங்க' என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சாவியை அதிலேயே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்துக்கொண்டேன்.