கோதண்டத்தின் பிறவி மொட்டை

கோதண்டம் தபால் ஸ்டாம்பை முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு மூச்சை நிறுத்திக்கொண்டு, இடுக்கியால் பிடித்து, வெர்னியர் அளவுகோலின் தாடைக்குள் நுழைப்பார். மூச்சு விட்டால் ஸ்டாம்பு பறந்துவிடும் என்பது ஒரு காரணம். எதிரே நிற்பவர் நடுங்க வேண்டும் என்பது இன்னொன்று.

மண்ணூர்ப் பக்கத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் அவர் தரப் பரிசோதகர். நூலளவு கூடினாலும் குறைந்தாலும் உருப்படியின் முதுகில் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி விழும். அந்தப் பென்சில் ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப் பையை விட்டு இறங்காது. "பொண்ணு பாக்க வந்தப்பவே என் மூஞ்சிய அளவெடுக்கிற மாரிதான் பாத்தாரு" என்பது மனைவி பாஞ்சாலியின் வாக்குமூலம்.

சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் அவருடைய நீதிமன்றம் கூடும். வழக்கு எப்போதும் ஒன்றுதான். ஸ்டாம்பு என்றால் ஓரத்தில் பல் இருக்கும். துளை போடும் இயந்திரம் எப்போதாவது ஒரு தாளை விட்டுவிட்டால், பல்லில்லாத ஸ்டாம்பு பிறக்கும். லேசில் கிடைக்காத சரக்கு. ஆகவே, சாதாரண ஸ்டாம்பின் பல்லைக் கத்தரித்துவிட்டு 'இதுதான் அது' என்று நீட்டுவோர் ஏராளம். முதலாவதைப் பிறவி மொட்டை என்பார் கோதண்டம். இரண்டாவதைத் திருத்தணி மொட்டை.

"பல்ல வெட்னா உருவம் சுருங்கும்பா. இது அரை மில்லி கம்மி. திருத்தணி!"

"அண்ணா, எங்க தாத்தா காலத்துலேர்ந்து வூட்ல கீதுண்ணா" என்று கெஞ்சினார் மெஷின் ஆபரேட்டர் ராமன்.

"கத்திரிக்கோலும் வூட்லதான கீது? ரெண்டு ஸ்டாம்பு ஒட்னாப்ல, நடுவுல துளையில்லாம, ஜோடியா எட்த்துனு வா. அதான் சாட்சி. ஒத்தையா வந்தா நான் யாரையும் நம்ப மாட்டேன்."

ராமன் ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் சிவப்பாகப் பெருக்கல் குறி.

"அடப்பாவி, இதுலயும் போட்டுட்டியா! உன்ன அளந்து பாத்தா நீயே ரிஜெக்ட்டுதாண்ணா."

கேன்டீன் சிரித்தது. கோதண்டம் சிரிக்கவில்லை. விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

அவருடைய அப்பா தபால் ஆபீசில் ஸ்டாம்பு விற்றவர். துளையில்லாமல் வந்த ஒரு தாளிலிருந்து ஒட்டினாற்போல் இரண்டைத் தனக்கென்று வாங்கி வைத்திருந்தார். அவர் காலமானபின் அண்டா, ஆட்டுக்கல், கிணற்றடித் தென்னை எல்லாம் சண்டையோடு பாகம் பிரிந்தன. கடைசியில் அந்த ஜோடி மிஞ்சியது. அண்ணன் தணிகாசலம் பாதி கேட்டார். "ஆளுக்கு ஒண்ணு, அவ்ளோதான?" என்று வெர்னியர் வைத்து, மயிரிழை பிசகாமல் நடுவில் கத்தரித்த கை கோதண்டத்தின் கைதான். அன்று அவருக்கு ஸ்டாம்பில் அரிச்சுவடியும் தெரியாது. தன் பாதி என்ன ரகம் என்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் இந்தச் சாஸ்திரமெல்லாம் கற்றார். கற்று முடித்தபோது, தான் வெட்டியது சாட்சியின் கழுத்தை என்பது விளங்கியது.

ஏழு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. இந்த 1991-ல் மெட்ராஸ் கண்காட்சிக்கு வந்த ஒரு நிபுணர், "மறுபாதியும் வேணுங்க. வெட்டின இடம் ஒண்ணோடொண்ணு பொருந்துச்சுன்னா, அசல் ஜோடின்னு எழுதித் தர்றேன்" என்றார். கோதண்டம் தன் பாதியையும் மானத்தையும் ஒரே டப்பாவில் வைத்து மூடிக்கொண்டு அண்ணன் ஊரான மணிமங்கலத்துக்கு பஸ் ஏறினார்.

தணிகாசலம் தம்பியைக் கண்டதும் வாசலுக்கே இறங்கி வந்தார். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். சுவரில் அப்பாவின் போட்டோ. சட்டத்துக்குள்ளேயே, மூலையில், அந்த ஸ்டாம்பு.

"உம்மேல கோவந்தான்டா. அதுக்காவ நைனா வச்சிட்டுப் போனத தூக்கிப் போட்டுடுவனா? ஓரமெல்லாம் வெள்ளையா, கோணலா, அசிங்கமா இருந்துது. நாலு பக்கமும் பிளேடால நறுக்கிட்டு, பசை போட்டு ஒட்டிட்டேன். இப்போ பாரு, எவ்ளோ நீட்டா கீது!"

கோதண்டம் கண்ணாடிமேல் வெர்னியரை வைத்தார். மூச்சை நிறுத்திக்கொண்டார். அரை மில்லி கம்மி.

"இன்னாடா, சரியா கீதா?"

"கச்சிதமா கீதுண்ணா."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பாஸ் பண்ணிய முதல் ரிஜெக்ட் அது.

அண்ணன் காப்பி சொல்ல உள்ளே போனதும் கோதண்டம் டப்பாவைத் திறந்தார். தன் பாதியை உள்ளங்கையில் குப்புறப் போட்டார். பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு, அதன் முதுகில் நிதானமாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.