கடைசியில் ஏறுகிற கண்டக்டர்

எங்கள் சொந்தத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் கண்டக்டர் மாமாதான். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பட்டம் போகவில்லை. பழக்கமும் போகவில்லை. எந்த வண்டியானாலும் எல்லோரையும் ஏற்றிவிட்டுத்தான் அவர் ஏறுவார்.

அவருடைய அக்காவுக்கு மறுநாள் காலை இதய ஆபரேஷன். தம்பி முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக இருந்தாள். அக்கா மகள்தான் விமானத்துக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினாள்.

"இப்பவே போன்ல சீட்டு நம்பர் போட்டுடுங்க மாமா. இருக்கிற எடத்துக்கு மேல டிக்கெட் வித்திருப்பாங்க. கடைசி ஆளை விட்டுட்டுப் போயிடுவாங்க."

"டிக்கெட் குடுத்தவன் எடம் குடுக்காமலா போவான்? நான் பாக்காத கூட்டமா?"

விமான நிலையத்தில் கொடுத்த சீட்டில் இருக்கை எண் இல்லை. "கேட்ல குடுப்பாங்க சார்" என்றார்கள். உட்கார்ந்தார், எழுந்தார், ஏற்கெனவே குடித்த தண்ணீரையே மறுபடி போய்க் குடித்தார். வரிசை நகர்ந்ததும் கால் தானாக ஒதுங்கிக்கொண்டது. "போங்கம்மா, பெட்டி இடிக்கப்போகுது" என்று அத்தனை பேரையும் முன்னால் விட்டார். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. அப்போதுதான் உறைத்தது.

ஓடிப்போய் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபுல் ஆயிடுச்சு சார். நாளைக்கு மத்தியானம் அனுப்புறோம்" என்றாள் அங்கிருந்த பெண்.

"காலைல எங்கக்காவுக்கு ஆபரேஷன்மா. ஏத்தி விடுங்க, நின்னுக்கிட்டே வரேன்."

"இது பஸ் இல்ல சார்."

அப்படிச் சொன்னாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. போனை எடுத்து, ஹோட்டல் ரூம் கொடுத்தால் நாளைக்குப் போக யாராவது சம்மதிப்பார்களா என்று விமானத்துக்குள் கேட்கச் சொன்னாள். மாமா மேஜையை விடவில்லை. கடைசியில் தொப்பைக்காரர் ஒருவர் பையைத் தோளில் மாட்டியபடி வெளியே வந்தார்.

"எனக்கென்ன அவசரம்? ஹோட்டல் ரூம் உண்டுல்ல?"

மாமா அவருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"அவர் எறங்கிட்டாரு சார். நீங்க ஏறுங்க" என்று அந்தப் பெண் அதட்டினாள்.

உள்ளே பெல்ட்டை மாட்டிய கையோடு அக்காவுக்குப் போன் போட்டார்.

"ஏறிட்டேன்க்கா."

"உக்காந்தியா, படியில தொங்குறியா?"

"உக்காந்துட்டேன்" என்றார் மாமா. கண் மட்டும் வாசல் பக்கமே இருந்தது, கதவைச் சாத்தும் வரைக்கும்.