படகு விட்டுப் படகு: ஒரு கப்பல் பயணத்துக்கு ஒத்திகை

2006 பிப்ரவரி 12, ஞாயிறு. காலை 5.40க்கு நானும் என் கணவரும் வீட்டைப் பூட்டினோம். கல்பாக்கம் நகரியத்திலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். 6.05 பேருந்து, ஆளுக்கு ஆறு ரூபாய். நாங்கள் சிற்பம் பார்க்கப் போகவில்லை. மார்ச் 7 அன்று கொச்சியில் கப்பல் ஏறி, ஐந்து நாள் லட்சத்தீவுகளைச் சுற்றிவிட்டு 11-ஆம் தேதி திரும்புவதாக ஏற்பாடு. அந்தப் பயணத்தை என்னால் தாங்க முடியுமா என்று சோதித்துப் பார்க்கவே இந்தச் சின்னப் பயணம்.

கப்பல் என் கணவரின் ஆசை. கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் தள்ளிப்போட்டேன். முதலில் காரணம் கைக்குழந்தை, பிறகு பள்ளிக்கூடம், பிறகு விடுப்பு. 2004 டிசம்பருக்குப் பிறகு காரணம் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. சுனாமி வந்த அந்த ஞாயிறு காலையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு கடல் வந்தது. நான் கையில் பால் பாத்திரத்தோடு வெளியேறினேன். வேறு எதையும் எடுக்கத் தோன்றவில்லை. ரேஷன் அட்டையும் வங்கிப் புத்தகங்களும் சேற்றில் போயின. மறுபடி வாங்க ஏழு மாதம் அலைந்தோம். அதன் பிறகு ஒரு பழுப்பு ரெக்சின் பையில் எல்லா அசல் ஆவணங்களையும் போட்டு வாசற்கதவின் பக்கத்தில் மாட்டிவைத்தேன். எங்கள் வரிசையில் இப்படி ஒரு பை இல்லாத வீடு கிடையாது. இருவரும் சேர்ந்து வெளியே போனால் பையும் எங்களோடு வரும்.

சென்ற ஆண்டு இதே கப்பலில் போய்வந்த அலுவலகத் தோழி ஒருத்தி சொன்ன குறிப்புகளை எழுதிவைத்திருக்கிறேன். போக நினைப்பவர்களுக்கு உதவும். சூட்கேஸ் வேண்டாம், அறையில் கட்டிலுக்கு அடியில் நுழையும் துணிப்பை போதும். செருப்பு வேண்டாம், ரப்பர் அடியுள்ள ஷூ நல்லது. குமட்டல் மாத்திரையைக் குமட்டும்போது போட்டுப் பயனில்லை, அரை மணிக்கு முன்பே போட வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. தினமும் விழுங்கும் மாத்திரைகளைக் கைப்பையில் வைக்கவும், பெரிய பையில் அல்ல.

கடைசியாக அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. கப்பல் தீவுக்கு அருகில் போகாது. ஆழத்திலேயே நின்றுவிடும். பக்கவாட்டில் ஒரு கதவைத் திறப்பார்கள். கீழே ஒரு சின்னப் படகு ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருக்கும். அதில் காலை வைக்க வேண்டும்.

பயண முகவரின் படிவத்தைத் திங்கள் மாலைக்குள் செங்கல்பட்டில் கொடுக்க வேண்டும். எங்களுக்குள் ஒப்பந்தம் இதுதான்: நடுக்கடலில் படகு விட்டுப் படகு மாற என்னால் முடிந்தால் படிவம், முடியாவிட்டால் ரத்து. பிறகு கப்பல் பேச்சே கிடையாது.

6.35. மாமல்லபுரம். ஆளுக்கு இரண்டு இட்லி, அதன் மேல் ஒரு மாத்திரை. கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பத்தில் ஏழுமலை காத்திருந்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். சுற்றுலாக்காரர்களை ஃபைபர் படகில் ஏற்றிப்போகிறவர். முந்தைய வாரமே வந்து நானூறு ரூபாய் பேசியிருந்தோம்.

"இன்னாக்கா, நெசமாவே வந்துட்டியா?" என்றார். "மீனு மாத்தியிருக்கோம், வலை மாத்தியிருக்கோம். டப்பு குடுத்து ஆளு மாறிக்கிறத இப்பத்தான் பாக்குறேன்."

"இன்னொரு படகு?" என்று கேட்டேன்.

"மச்சான் வலை எடுத்துகினு வந்துகினு கீறான். எட்டு மணிக்கு எதிர்ல வருவான். அவன் படகுல ஏத்தி வுட்டுர்றேன்."

தெர்மாகோல் வைத்துத் தைத்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் இரண்டு கொடுத்தார். முடிச்சை நான் மூன்று முறை சரிபார்த்தேன். என் கணவர் சிரித்தார். "கோமதி, இன்னும் தரையிலதான் நிக்கிறோம்."

7.25. படகைத் தள்ளினார்கள். அலை மடியும் இடம்வரை நான் கண்ணை மூடவில்லை. மூடக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். படகின் மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது, பிறகு தொப்பென்று விழுந்தது. முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் தனித்தனியே தெரிந்தது. மூன்று அலைகள். நான்காவதற்கு அப்பால் கடல் வேறு மாதிரி. உடையாமல், சத்தமில்லாமல், ஒரு பெரிய மிருகம் மூச்சு விடுவதுபோல உயர்ந்து தாழ்ந்தது. கோயில் கோபுரம் சுண்டுவிரல் நகத்தளவு ஆயிற்று. குமட்டவில்லை. பயத்துக்கு மாத்திரை இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

8.05. மச்சானின் படகு வந்தது. அவர் பெயர் மூர்த்தி. படகு நிறைய ஈர வலை. இரண்டு இஞ்சினையும் அணைத்தார்கள். பக்கத்தில் பக்கமாக நின்றாலும் இரண்டும் ஒன்றாக ஆடவில்லை. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கியது. நடுவே ஒரு முழ இடைவெளி திறந்து, மூடி, மறுபடி திறந்தது. மூடும்போது 'டம்' என்று ஒலித்தது.

என் கணவர் முதலில் தாண்டினார். சுலபமாகத்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினார்.

"அந்தப் பைய இப்டி குடு, ரெண்டு கையும் ஃப்ரீயா வெச்சிக்கோ," என்றார் ஏழுமலை.

ஒத்திகைக்கு அசல் ஆவணங்களோடு கடலுக்கு வந்திருந்தேன். பூட்டிய வீட்டில் விட்டு வர எனக்கு மனம் வரவில்லை. இதைவிட மடத்தனம் உண்டா என்று இப்போது கேட்கலாம். "தோள்லயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் பையை அணைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் நீட்டிக் காலை எடுத்து வைத்தேன்.

படகு கீழே போயிற்று. காலடியில் பலகை இல்லை. தொடைவரை குளிர்ந்த நீர். "பைய வுடும்மா! வுடு!" என்று யாரோ கத்தினார்கள். தோளிலிருந்து வாரை யாரோ உருவினார்கள். இரண்டு பேர் என் மேற்கையைப் பிடித்துத் துணிமூட்டைபோல இழுத்தார்கள். வலைக் குவியலின் மேல் விழுந்தேன். முதுகுக்குப் பின்னால் 'டம்'.

முழங்காலுக்குக் கீழே தோல் வழன்றிருந்தது. வேறொன்றும் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது பை ஏழுமலையின் படகில், அவர் காலடியில் இருந்தது. கரை சேரும்வரை நான் கடலைப் பார்க்கவில்லை, அந்தப் படகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

8.40. கரை. ஏழுமலை பையை என் மடியில் வைத்தார். "இன்னாக்கா கீது இதுல? தங்கமா?"

"சர்டிபிகேட்டு."

"நீயே கடலோட பூட்டா அது யாருக்கு?" என்று கேட்டுவிட்டு இஞ்சினைத் தூக்கப் போய்விட்டார்.

என் கணவர் மணலில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. "வேண்டாம் கோமதி. ரத்து பண்ணிடுவோம்."

"தாண்டிட்டேனே."

"நீ தாண்டலை, நாங்க இழுத்தோம். ரெண்டு படகும் சேர்ற நேரத்துல உன் காலு நடுவுல இருந்துச்சு. நீ பார்க்கலை. நான் பார்த்தேன்."

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆசைப்பட்ட மனிதர் ஒரே காலையில் விட்டுவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான் கேட்டு வாங்கிய சோதனை பாதியில் நின்றிருந்தது. அதில் தோற்றது நானா, பையா என்று தெரியவில்லை. ஒரு கையோடு தாண்டியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எழுந்து ஏழுமலையிடம் போனேன். "இன்னொரு வாட்டி மாத்தி விடுவீங்களா?"

"லூசாக்கா நீ?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "மூர்த்தி! மீன எறக்கினியா? வா, இந்தக்காவோட பேஜாரு தீரல."

பையை என் கணவரிடம் நீட்டினேன். "நீங்க இதோட இங்கயே இருங்க."

"நானும் வர்றேன்."

"பையை யார் பார்த்துக்கறது?"

வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

9.30. அதே நான்கு அலைகள். இம்முறை பயம் குறையவில்லை, இன்னும் அதிகம். என்ன நடக்கும் என்று இப்போது தெரியுமே. முன்பு நின்ற அதே இடத்தில் இரண்டு படகும் நின்றன.

"கீழ பாக்காத. மூர்த்தி கையப் பாரு. அவன் படகு மேல ஏறும்போது போகாத. ஏறி எறங்க ஆரம்பிக்கும் பாரு, அப்பப் போ," என்றார் ஏழுமலை.

ஏறியது. இறங்க ஆரம்பித்தது. இரண்டு கைகளையும் கொடுத்தேன். அடுத்த கணம் மூர்த்தியின் படகில் நின்றிருந்தேன். ஏழுமலை ஒரு விசில் அடித்தார். "கப்பல்காரன்கிட்ட சொல்லு, ஏழுமலை டிரைனிங்குனு!"

போகிறவர்களுக்கு இதுதான் நான் தரக்கூடிய முக்கியமான குறிப்பு: கடலில் படகு மாறும்போது கையில் எதுவும் வைத்திருக்காதீர்கள். கைப்பையோ கேமராவோ எதுவானாலும் முதலில் ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள். ஆவணங்களுக்கு நகல் போதும். அடையாள அட்டை மட்டும் அசல்; அதையும் பாலிதீன் உறையில் போட்டு உடம்போடு ஒட்டி வையுங்கள்.

திரும்பும்போதுதான் கரையைப் பார்த்தேன். மணலில் ஒரு புள்ளி நின்றுகொண்டிருந்தது. அது ஓரடி முன்னால் வந்தது, பின்னால் போயிற்று, மறுபடி முன்னால் வந்தது. நாங்கள் அலை மடியும் இடத்தைத் தாண்டும்வரை அது ஓரிடத்தில் நிற்கவில்லை. இறங்கியபோது என் கணவரின் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

10.50 பேருந்தில் திருக்கழுக்குன்றம் சாலை பிரியும் இடம்வரை அவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே வந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்: "போவோம். கரையில நின்னு பாக்கறதுக்குப் பதிலா கூடவே வந்துடலாம்."

பிப்ரவரி 13, திங்கள். அரை நாள் விடுப்பு. மாலை 4.15, செங்கல்பட்டு, பயண முகவர் அலுவலகம். இரண்டு படிவங்கள், ஆளுக்கு ஒன்று. பெயர், வயது, இரத்த வகை, நீந்தத் தெரியுமா. எல்லாவற்றையும் வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தேன். பதினோராவது கட்டம்: அவசரத்தில் தகவல் தெரிவிக்க வேண்டியவர்.

அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் இந்தக் கட்டத்தை நூறு தடவை நிரப்பியிருக்கிறேன். என் படிவத்தில் அவர் பெயர், அவர் படிவத்தில் என் பெயர். பேனா தானாகவே அவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டது. அடித்தேன். அவரும் அதே கப்பலில்தானே இருப்பார். பக்கத்தில் அவரும் எதையோ அடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகன். படூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு, விடுதி வாசம். இரண்டு படிவத்திலும் அவன் பெயரையே எழுதினோம். அவனிடம் சொல்லாமல் எழுதியது தவறாகப் பட்டது. வெளியே வந்து பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த தொலைபேசிக் கூண்டிலிருந்து விடுதிக்குப் பேசினேன். காலில் அடிபட்டதைச் சொல்லவில்லை.

"அப்பா கடைசியில ஜெயிச்சிட்டாரா!" என்று சிரித்தான். "எப்ப திரும்புவீங்க?"

"மார்ச் பதினொண்ணு. காலையில எட்டு மணிக்குக் கொச்சி. எறங்கினதும் ஃபோன் பண்றேன்."

"சரிம்மா." பின்னால் யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது. "எட்டு மணிக்கு மேல ஆச்சுன்னா, நான் எத்தனை மணி வரைக்கும் வெயிட் பண்ணணும்?"

எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துவைத்திருக்கிறேன், மாத்திரைக்கு அரை மணி உட்பட. அவனுக்கும் ஒரு நேரம் சொல்ல வேண்டுமென்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கணவர் கூண்டின் கண்ணாடிக்கு வெளியே நின்று, என்ன கேட்கிறான் என்று சைகையால் கேட்டார்.